தானியங்கிக் கியர்ப்பெட்டியின் முன் பம்பைக் கழற்றும் முறை

மோட்டார் பட்டறைத் தொழிலைக் கற்கும் தோட்டப்புற இளைஞர்கள், கையால் கியர் மாற்றும் வண்டிகளை அஞ்சாது பிரிப்பர்; தானியங்கிக் கியர்ப்பெட்டி என்றாலோ தயங்குவர். முறையறிந்து செய்வோர்க்கு அத்தயக்கம் வேண்டியதில்லை. அப்பெட்டியின் முன் பம்பைச் சேதமின்றிக் கழற்றும் வகையை இப்பாடத்தில் காண்போம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1969 ஆம் ஆண்டு மாடல் கார்களில் அறிமுகப்படுத்திய டர்போ ஹைட்ரமாட்டிக் 350 பெட்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இன்று அது பழைய கார்களில் மட்டுமே காணப்படினும், பாடம் பயில்வதற்கு ஏற்ற எளிய அமைப்புடையது.

பம்பின் பணி

மனித உடலுக்கு இதயம் எவ்வாறோ, அவ்வாறே இப்பெட்டிக்கு முன் பம்பு. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் டார்க் கன்வர்ட்டரின் கழுத்து, பம்பின் உட்பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பம்பு அடித்தட்டிலுள்ள எண்ணெயை உறிஞ்சி, கிளட்சுகளுக்கு அழுத்தத்தையும் உறுப்புகளுக்கு மசகையும் வழங்குகிறது. எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். ஆகவேதான் பழுதான தானியங்கிக் காரை, இயக்கும் சக்கரங்கள் தரையில் உருள நெடுந்தூரம் இழுத்துச் செல்லலாகாது.

கழற்றுவதற்கு முன்

பெட்டியின் முன்புறம் எண்ணெய் சொட்டினால் உடனே பம்பைக் கழற்ற முற்படுதல் கூடாது. சிவப்பு நிறமாயின் கியர் எண்ணெய். கறுப்பாயின் பெரும்பாலும் எஞ்சின் எண்ணெய். கன்வர்ட்டரின் கழுத்தைச் சூழ்ந்த சீல் மட்டும் கசிந்தால், பெட்டியை இறக்கியபின் அதனை மாற்றுவதே போதும். பம்பைத் தொட வேண்டியதில்லை. பம்பின் வெளிவிளிம்பில் கசிவு இருப்பின் கழற்றியே தீரவேண்டும். அவ்விளிம்பிலுள்ள வளையம் ரப்பரால் ஆனது. ஆயினும் அது நாம் பால்மரத்திலிருந்து எடுக்கும் இயற்கை ரப்பர் அன்று. இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிவிடும். ஆதலின் எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பரையே பயன்படுத்துகின்றனர்.

காரை ஜாக்கில் மட்டும் நிறுத்தி அடியில் நுழைதல் உயிருக்கு ஆபத்து. உறுதியான தாங்கிகள் வேண்டும். பேட்டரி இணைப்பை நீக்கி, எண்ணெய் ஆறியபின் வடித்து, பெட்டியைத் தக்க தாங்கியின் துணையோடு இறக்குக. கன்வர்ட்டரை நேராக இழுத்தெடுக்க வேண்டும். அதனுள் எண்ணெய் எஞ்சியிருக்கும். பின்னர், பம்பு மேல்நோக்குமாறு பெட்டியை நிறுத்தி, சுற்றுப்புறத்தைத் துடைத்துத் தூய்மை செய்க.

கழற்றும் முறை

பம்பைப் பிடித்திருக்கும் எட்டு போல்ட்டுகளையும் அவற்றின் வாஷர்களையும் நீக்குக. நீக்கிய பின்னரும் பம்பு அசையாது. ரப்பர் வளையம் அதனை இறுகப் பற்றியிருக்கும். இவ்விடத்திலேதான் பலர் பொறுமையிழந்து திருப்புளியை விளிம்பில் செருகி நெம்புகின்றனர். பெட்டியின் கூடு அலுமினியத்தால் ஆனது. அதில் ஒரு கீறல் விழுந்தாலும் எண்ணெய் கசிய வழியுண்டாகும். புதிய வளையமும் அதனைத் தடுக்காது. ஒரு நொடி அவசரம் முழுக் கூட்டையும் மாற்றும் செலவாகிவிடும்.

பம்பில் இரு துளைகளுக்கு மரை வெட்டப்பட்டுள்ளது. 3/8 அங்குலமும், அங்குலத்துக்கு 16 மரையும் கொண்ட முனையுடைய இரண்டு சறுக்குச் சுத்தியல்களை அவற்றில் திருகுக. கம்பியின்மேல் வழுக்கிச் செல்லும் எடையே சறுக்குச் சுத்தியலாகும். இரண்டின் எடைகளையும் ஒருசேர மேல்நோக்கித் தட்டினால் பம்பு சாயாமல் எழும்பும். ஒருபுறம் மட்டும் தட்டினால் கோணலாகிச் சிக்கிக்கொள்ளும். விடுபட்டதும் இருகைகளாலும் நேராகத் தூக்குக. அடியில் ஒட்டிவரும் உந்துவாஷர் எப்புறம் நோக்கியிருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுதல் அவசியம். பம்பைப் பிரித்தால், பற்சக்கரங்களின் மேற்புறத்தை மையால் அடையாளமிடுக, உளியால் குத்தலாகாது.

மீண்டும் பொருத்துகையில்

கேஸ்கெட்டும் ரப்பர் வளையமும் புதியனவாக இருத்தல் வேண்டும். உந்துவாஷரை வாசலின் தடவி நிறுத்தலாம்; கெட்டியான கிரீஸ் எண்ணெயில் கரையாது துவாரங்களை அடைக்கக்கூடும். போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குக. இறுக்கியபின் உள்தண்டு கையால் சுழலவேண்டும். சுழலாவிடில் மீண்டும் பிரித்துப் பார்த்தலே அறிவுடைமை.

இறுதியாக ஒன்று. கன்வர்ட்டரைச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளி, அது பம்பின் பற்சக்கரத்தில் முழுதும் அமர்ந்ததை உறுதி செய்க. அமராத நிலையில் பெட்டியை எஞ்சினோடு போல்ட்டால் இழுத்து இறுக்கினால், செப்பனிட்ட பம்பு அப்போதே உடையும். பெட்டி எஞ்சினோடு சேர்ந்தபின் கன்வர்ட்டர் கையால் தாராளமாகச் சுழன்றால் வேலை செம்மையாயிற்று.

வலிமையைவிட முறையே இத்தொழிலுக்கு முதல். அதனை உணர்ந்தவரிடம் வண்டியை ஒப்படைக்க எவரும் தயங்கார் என்பதை நினைவிற் கொள்வோமாக.