அடுத்த குடியரசுத் தலைவர் யார்? – ஊகமும் கணக்கும்

தேர்தல் என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மவர் கேட்கும் முதற்கேள்வி "யார்?" என்பதே. குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவின் ஐந்தாண்டுக் காலம் 2027 ஜூலை 24ஆம் நாளோடு முடிகிறது. அதற்குள் அடுத்தவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். மாட்டுங்காவின் காப்பிக் கடை வாசலில் நிற்கும் பெரியவர்களும் சரி, விடுதி உணவறையில் தட்டேந்தி நிற்கும் நம் நண்பர்களும் சரி, இப்போதே பெயர்களை அடுக்கத் தொடங்கிவிட்டனர். அவற்றுள் ஒரு பெயர் நமக்கு மிக நெருக்கமானது. அவர் திருப்பூர்க்காரர், 2024 ஜூலை முதல் 2025 செப்டம்பர் வரை இதே மும்பையின் மலபார் குன்றில் ஆளுநராக வாழ்ந்தவர், பிறகு குடியரசுத் துணைத் தலைவரானவர். ஆம், சி. பி. இராதாகிருஷ்ணனைத்தான் சொல்கிறேன். வெங்கட்ராமனுக்கும் கலாமுக்கும் பிறகு மூன்றாவதாக ஒரு தமிழர் வருவாரா என்பதே நண்பர்களின் ஆவல். (திருத்தணியில் பிறந்த டாக்டர் எஸ். இராதாகிருஷ்ணனையும் கூட்டி நான்கு என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வழக்கில் நான் புகவில்லை.)

சோதிடம் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அளக்கக்கூடியதை முதலில் அளந்துவிட்டு, எஞ்சியதை மட்டும் ஊகிப்பது ஆய்வுக்கூடத்தில் நாம் பழகிய வழி. இங்கும் அவ்வழியே செல்வோம்.

முதலில், வாக்களிப்போர் யார்? நாமல்லோம். நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும், மாநிலச் சட்டமன்றங்களிலும் தில்லி, புதுச்சேரி போன்ற பேரவைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுமே வாக்காளர் குழு. "தேர்ந்தெடுக்கப்பட்ட" என்ற சொல்லை அழுத்திப் படியுங்கள். நியமன உறுப்பினருக்கு இத்தேர்தலில் வாக்கு இல்லை. 2022இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட இளையராஜா துணைத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கலாம். தலைவர் தேர்தலில் வாக்களிக்க முடியாது!

அடுத்து, எல்லா வாக்கும் ஒரே எடையுடையதன்று. ஒரு மாநிலத்தின் மக்கள்தொகையை அதன் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, வந்த ஈவை மேலும் ஆயிரத்தால் வகுக்க வேண்டும். கிடைப்பதே அம்மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவருடைய வாக்கின் மதிப்பு. தமிழ்நாட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். மக்கள்தொகை 4,11,99,168, உறுப்பினர் 234 பேர், விடை 176. மராட்டியத்திற்கு 175, உத்தரப்பிரதேசத்திற்கு 208, சிக்கிமிற்கு வெறும் 7. எல்லாச் சட்டமன்ற வாக்குகளையும் கூட்டி, தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்தால் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் மதிப்பு வரும். 2022இல் 5,43,231ஐ 776ஆல் வகுத்து 700 என்று கொண்டார்கள். அதற்கு முந்தைய தேர்தல்களில் அது 708. ஜம்மு காஷ்மீரில் அப்போது பேரவை இல்லாததே குறைவுக்குக் காரணம். 2024இல் அங்கே பேரவை அமைந்துவிட்டதால் இம்முறை அது சிறிது ஏறும்.

தமிழ்நாட்டின் மக்கள்தொகை நாலு கோடியே சொச்சமா என்று விழிப்புள்ள வாசகர் இந்நேரம் கேட்டிருப்பார். இன்றைய தொகையன்று, அது 1971ஆம் ஆண்டுக் கணக்கு. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் அதன் காரணமாகவே செல்வாக்கை இழக்கக்கூடாது என்று 1976இல் 42ஆவது திருத்தத்தின் வழியே அக்கணக்கை உறைய வைத்தனர். 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதற்கணக்கின் எண்கள் வெளியாகும் வரை அதுவே செல்லும் என்று 84ஆவது திருத்தம் நீட்டி வைத்தது.

இந்த உறைவு நம்மைப் போன்ற புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு என்ன பொருள் தருகிறது? எங்கள் பாட்டி திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தது 1960களில். ஆகவே 1971இல் அவர் எண்ணப்பட்டது மராட்டியத்தில். அந்த 175இல் அவருக்கும் ஒரு துளிப் பங்குண்டு. அவருடைய தங்கை ஊரிலேயே தங்கிவிட்டார். அவர் பங்கு தமிழ்நாட்டின் 176இல் இருக்கிறது. 1971க்குப் பின் பிறந்த என் தந்தையும் தாயும் நானும் இரண்டிலும் இல்லை. இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களில் எவருமே இல்லை! நாட்டின் முதற் குடிமகனைத் தேர்ந்தெடுக்கும் கணக்கில், நாம் இன்னும் பிறவாதவர்கள்.

அப்படியானால் உறைவை நீக்கிவிடலாமே என்று தோன்றும். நானும் 2011 கணக்கை வைத்துக்கொண்டு ஓர் இரவு வகுத்துப் பார்த்தேன். தமிழ்நாட்டின் 176 என்பது 308 ஆகிறது. உத்தரப்பிரதேசத்தின் 208 என்பது 496 ஆகிறது. சட்டமன்ற வாக்குகளை மட்டும் கொண்டால், உத்தரப்பிரதேசத்தின் மொத்த எடை 100 எனில் இன்று தமிழ்நாட்டின் எடை 49. 2011 கணக்குப்படி அது 36ஆக இறங்கிவிடும். மராட்டியமோ 60இலிருந்து 56க்கு வந்து நின்றுவிடுகிறது. வெளியூர்களிலிருந்து வந்து குடியேறியோர் அதன் தொகையைத் தாங்குவது இதற்கு ஒரு காரணம். ஊரைவிட்டு வந்த நாம், வந்த இடத்தின் தட்டை உயர்த்தி, விட்டு வந்த இடத்தின் தட்டைத் தாழ்த்துகிறோம். எண்ணப்படாதிருப்பது நீதியா, எண்ணப்பட்டுப் பிறந்த மண்ணின் எடையைக் குறைப்பது நீதியா? எனக்கு இதில் தெளிவான விடை கிட்டவில்லை. ஆனால் அடுத்த கணக்கெடுப்புக்கான நாளாக 2027 மார்ச் முதல் நாள் குறிக்கப்பட்டுள்ளபடியால், 1971 எண்களால் நடக்கும் கடைசித் தலைவர் தேர்தல் இதுவாகவே இருக்கக்கூடும். "யார்?" என்ற கேள்வியைவிட இது பெரிது என்பது என் எண்ணம்.

எண்ணும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாக்காளர் தம் விருப்பங்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவார். செல்லத்தக்க வாக்கு மதிப்பில் பாதிக்கு மேல் பெற்றவர் வென்றவர். எவரும் பெறாவிட்டால் கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்திற்கு மாற்றிக்கொண்டே போக வேண்டும். இதுவரை ஒரே ஒருமுறைதான் அந்தத் தேவை வந்தது. 1969இல் வி. வி. கிரி முதற்சுற்றில் பெற்றது 4,01,515, தேவைப்பட்டதோ 4,18,169. மாற்றி மாற்றி எண்ணியபின் அவர் 4,20,077 பெற்றார். தேவைக்கு மேல் 1,908 மட்டுமே! காமராசர் உள்ளிட்ட பெருந்தலைவர்கள் நிறுத்திய சஞ்சீவ ரெட்டி 4,05,427இல் நின்றுபோனார். கட்சிக் கொறடாவின் ஆணை இத்தேர்தலில் செல்லாது, வாக்கும் இரகசியம். அதனால்தான் "மனச்சான்றின்படி வாக்களியுங்கள்" என்ற இந்திராவின் குரல் அன்று பலித்தது.

இங்கேதான் ஊகத்தின் திறவுகோல் கிடைக்கிறது. கொறடா இல்லாத தேர்தலில் எதிர்த்தட்டிலிருந்து வாக்குகளை இழுக்கலாம். ஆகவே வேட்பாளரைத் தேடுவோர், "இப்பதவிக்குத் தகுந்தவர் யார்?" என்று மட்டும் கேட்பதில்லை, "எந்தப் பெயரை எதிரணியில் இன்னாரால் மறுக்க முடியாது?" என்றும் கேட்கிறார்கள். பெயர் என்பது பிறர் வீட்டுப் பூட்டுக்கு வெட்டிய சாவி.

நம் மும்பையே இதற்குச் சிறந்த சான்று. 2007இல் காங்கிரஸ் அணி நிறுத்திய பிரதிபா பாட்டீல் மராட்டியர். எதிரணியில் இருந்த சிவசேனை தன் அணியின் வேட்பாளர் ஷெகாவத்தை விட்டுவிட்டு அவருக்கே வாக்களித்தது. 2012இல் பிரணாப் முகர்ஜிக்கும் அவ்வாறே செய்தது. 2017இல் பீகார் ஆளுநராக இருந்த ராம்நாத் கோவிந்தின் பெயர் வந்ததும், அப்போது எதிரணியில் இருந்த நிதிஷ் குமார் ஆதரித்தார். எதிரணி நிறுத்திய மீரா குமார் பீகாரின் மகள் என்பதுகூட எடுபடவில்லை. 2022இல் முர்முவின் பெயர், காங்கிரசோடு கூடி ஜார்க்கண்டை ஆண்டுகொண்டிருந்த முக்தி மோர்ச்சாவையே இழுத்துவிட்டது. எதிர்த்து நின்ற யஷ்வந்த் சின்காவோ அதே ஜார்க்கண்டுக்காரர்! அவ்வாண்டு எதிரணி முதலில் அணுகிய சரத் பவாரும், பரூக் அப்துல்லாவும், இராஜாஜியின் பேரர் கோபாலகிருஷ்ண காந்தியும் மறுத்த பிறகே சின்காவின் பெயர் வந்தது. முடிவு, முர்முவுக்கு 6,76,803, சின்காவுக்கு 3,80,177.

சிவசேனையைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. 1966இல் தோன்றிய அக்கட்சி இந்நகரின் தென்னிந்தியரை எதிர்த்தே வளர்ந்ததை மாட்டுங்காவிலும் தாராவியிலும் மறந்தவர் இலர். அதே கட்சி 1997இல் கே. ஆர். நாராயணனுக்கு எதிராக ஆதரித்தவர் யார் தெரியுமா? பாலக்காட்டுத் தமிழர் டி. என். சேஷன்! அவர் பெற்றது 50,631. நாராயணன் பெற்றது 9,56,290. அரசியலில் பூட்டும் சாவியும் எந்த வீட்டிலும் கிடக்கும் போலும்.

பெயர் முன்கூட்டியே தெரியுமா என்றால், பெரும்பாலும் தெரியாது என்பதே வரலாறு. 2002இல் முதலில் அடிபட்ட பெயர் மராட்டிய ஆளுநர் பி. சி. அலெக்சாண்டருடையது; பிறகு துணைத் தலைவர் கிருஷ்ணகாந்த் பெயர். ஜூன் 10 அன்று அறிவிக்கப்பட்டதோ அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அப்துல் கலாம். அவரை எதிர்த்து இடதுசாரிகள் நிறுத்திய கேப்டன் இலட்சுமியும் சென்னையில் பிறந்தவர். பிரதிபா பாட்டீலின் பெயர் ஜூன் 14இலும், கோவிந்தின் பெயர் ஜூன் 19இலும், முர்முவின் பெயர் ஜூன் 21இலும் வந்தன. மூவருமே ஆளுநராக இருந்தவர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனித் திருப்பூர்க்காரருக்கு வருவோம். துணைத் தலைவர் அறுவர் தலைவராகியிருக்கின்றனர். ஆனால் 1997இல் நாராயணன் உயர்ந்ததற்குப் பிறகு ஒருவரும் இல்லை. 2007இல் முயன்ற ஷெகாவத் தோற்றார். மேலும், தமிழர் என்ற சாவியை ஏற்கெனவே ஒருமுறை போட்டுப் பார்த்தாயிற்று. 2025 செப்டம்பர் 9இல் இராதாகிருஷ்ணன் 452 வாக்குகளால் துணைத் தலைவரானபோது, திமுக எதிரணியின் சுதர்சன் ரெட்டிக்கே (அவர் பெற்றது 300) ஆதரவளித்தது. 2002இல் கலாமுக்காகத் திமுகவும் அதிமுகவும் ஒருசேர வாக்களித்தன. அந்த ஒருமை 2025இல் வாய்க்கவில்லை. திறவாத சாவியை மறுபடியும் அதே பூட்டில் நுழைப்பார்களா என்பது ஐயம். முர்முவே மீண்டும் வருவார் என்போருக்கும் வரலாறு துணை நிற்பதில்லை. இரண்டாம் முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர் இராஜேந்திர பிரசாத் ஒருவரே.

ஆகவே என் ஊகம் இது: இராதாகிருஷ்ணனுக்கு வாய்ப்பு உண்டு, ஆனால் பாதிக்கும் குறைவு. ஆளுங்கட்சி அணி, இன்று நாம் பெயர்கூடச் சரியாக அறியாத ஆளுநர் ஒருவரையோ முன்னாள் ஆளுநர் ஒருவரையோ தேடும். எந்தப் பூட்டுக்கு அந்தச் சாவி என்பது, 403 பேர் கொண்ட உத்தரப்பிரதேசப் பேரவையின் 83,824 எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பொறுத்தது. இப்போதைய பேரவையின் காலம் 2027 மே மாதத்தில் முடிவதால், தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போவது புதிய பேரவையே.

மராட்டியத்தில் அத்தகைய ஐயம் இல்லை. 2024இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவையே வாக்களிக்கும். நரிமன் முனையின் விதான் பவனில் இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டு பெறும் 288 பேரில் சயான் கோலிவாடா உறுப்பினர் கேப்டன் ஆர். தமிழ்ச்செல்வனும் ஒருவர். அவர் புதுக்கோட்டைச் சீமையிலிருந்து இந்நகருக்கு வந்த தமிழர். 175 மதிப்புள்ள வாக்கு அவர் கையில் இருக்கிறது. வாக்களித்து முடிந்ததும் பெட்டியை முத்திரையிட்டு விமானத்தில் தில்லிக்கு அனுப்புவார்கள். 2022இல் அப்பெட்டிக்கென்று தனி இருக்கையும், "திருவாளர் வாக்குப்பெட்டி" என்ற பெயரில் பயணச்சீட்டும் எடுத்தார்கள்.