இரும்புச் சிலுவை சொல்லும் வரலாறு

முன்னுரை

பதக்கம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை பொன்னும் வெள்ளியுமே. பள்ளி விளையாட்டு விழாவில் முதலிடம் பெறுபவளுக்குப் பொன்னிறப் பதக்கத்தைத்தான் அணிவிக்கிறோம். ஆனால், உலக வரலாற்றில் பெரிதும் பேசப்பட்ட பதக்கங்களுள் ஒன்று இரும்பால் ஆனது. அதுதான் ஜெர்மனியின் இரும்புச் சிலுவை. இரண்டு உலகப் போர்களையும் பாடமாகப் படிக்கும் நாம், அப்போர்களில் இலட்சக்கணக்கான வீரர்கள் பெற்ற இப்பதக்கத்தின் வரலாற்றையும் அறிந்துகொள்வது நலம். வீரம் என்பது என்ன, அது எதற்குப் பயன்பட வேண்டும் என்னும் இரு கேள்விகளையும் அது நம்முன் வைக்கிறது.

தோற்றம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனி ஒரே நாடாக இருக்கவில்லை. பல அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. அவற்றுள் வலிமை மிக்கதாகிய பிரஷ்யாவை 1806ஆம் ஆண்டில் நெப்போலியன் தோற்கடித்தான். மறு ஆண்டில் செய்துகொண்ட உடன்படிக்கையால் பிரஷ்யா தன் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை இழந்தது. அரசி லூயிசா தானே நெப்போலியனை நேரிற் கண்டு, தன் நாட்டின்மீது இரக்கம் காட்டுமாறு வேண்டினாள். பயன் விளையவில்லை. 1810ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், தன் 34ஆம் வயதில் அவள் காலமானாள்.

மூன்றாண்டுகள் சென்றன. ருஷ்யாவின் பனியில் நெப்போலியனின் பெரும்படை அழிந்தது. பிரஷ்யா மீண்டும் போருக்கு எழுந்தது. அப்போது அரசர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் ஒரு புதிய பதக்கத்தை நிறுவினார். அதற்கு அவர் குறித்த நாள் 1813 மார்ச் 10. அது மறைந்த தம் மனைவியின் பிறந்த நாளாகும். இரும்புச் சிலுவையின் முதல் உரிமையாளராகவும் அவ்வரசியையே அவர் கருதினார்.

அரசர் வரைந்து காட்டிய எண்ணத்திற்கு உருவம் கொடுத்தவர் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஷின்கல். சிலுவைப் போர்க் காலத்தில் தோன்றிய ஜெர்மானியத் துறவு வீரர் சபையினர் அணிந்த கருஞ்சிலுவையே இதற்கு முன்மாதிரி. கறுப்பு இரும்பு வார்ப்பு, அதைச் சுற்றி மெல்லிய வெள்ளி விளிம்பு, நடுவில் ஓக் மரத்தின் இலைகள், கீழே 1813 என்னும் ஆண்டு. இவ்வளவே அதன் அழகு!

பொன்னுக்கு இரும்பு

பொன் இருக்க இரும்பை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? நாடு வறுமையில் வாடிய காலம் அது. படைகளுக்கு உடையும் உணவும் வாங்கப் பணம் இல்லை. அரச குடும்பத்துப் பெண்கள் விடுத்த வேண்டுகோளை ஏற்றுப் பிரஷ்யப் பெண்கள் தங்கள் மோதிரங்களையும் சங்கிலிகளையும் நாட்டுக்கு வழங்கினர். அவற்றுக்கு ஈடாக இரும்பு மோதிரங்களைப் பெற்று, அவற்றைப் பெருமையோடு அணிந்துகொண்டனர். பொன் அணிந்திருப்பதே வெட்கம் என்று கருதப்பட்ட அந்நாளில், வீரர்களுக்கும் இரும்பே தகுந்த பரிசாயிற்று.

இப்பதக்கத்திற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. முன்னாளில் உயர்ந்த விருதுகள் பெரும்பாலும் பிரபுக்களுக்கும் அதிகாரிகளுக்கும் மட்டுமே உரியவை. இரும்புச் சிலுவையோ குலமும் பதவியும் பாராமல், சாதாரணப் படைவீரனுக்கும் தளபதிக்கும் ஒரே வடிவில் கிடைத்தது.

பெண்ணொருத்தி பெற்ற பதக்கம்

அந்தப் போரிலேயே ஒரு பெண்ணும் இதனைப் பெற்றாள் என்பது நமக்கு வியப்பளிக்கும் செய்தி. பிரெடரிக்கா குரூகர் என்பவள் ஆண் உடை அணிந்து, பெயரையும் மாற்றிக்கொண்டு படையில் சேர்ந்தாள். அவள் பெண் என்பது பின்னர் வெளிப்பட்டது. ஆயினும் அவளுடைய துணிவைக் கண்ட மேலதிகாரிகள் அவளைப் படையிலேயே இருக்க விட்டனர். 1813 செப்டம்பரில் டென்னவிட்ஸ் என்னும் இடத்தில் நடந்த போரில் படுகாயமுற்ற அவளுக்கு இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவை வழங்கப்பட்டது.

மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்படுதல்

இப்பதக்கம் எப்போதும் வழங்கப்பட்டதன்று. பெரும் போர் மூண்டபோது மட்டும் அது புதுப்பிக்கப்பட்டது. 1870இல் பிரான்சுடன் போர் தொடங்கியபோது லூயிசாவின் மகன் முதலாம் வில்லியம் அதனைப் புதுப்பித்தார். அந்நாள் ஜூலை 19, தாயின் நினைவு நாள். மூன்றாம் முறையாக 1914 ஆகஸ்டில், முதல் உலகப் போரின் தொடக்கத்தில், கெய்சர் இரண்டாம் வில்லியம் புதுப்பித்தார்.

அப்போரில் நம் சென்னையும் ஜெர்மானியரின் வீச்சுக்குத் தப்பவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்னும் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டுமாரி பொழிந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. அஞ்சத்தக்கவனை 'எம்டன்' என்று நம் பெரியோர்கள் சொல்வது அதனால்தான். அக்கப்பலின் தலைவர் முல்லருக்கு முதல் வகுப்பு இரும்புச் சிலுவை கிடைத்தது. அங்கே அது வீரம். இங்கே அது உயிரிழப்பும் ஊரை விட்டு ஓடிய மக்களின் கண்ணீரும். ஒரே செயல் இரு கரைகளில் இரு விதமாகத் தெரிவதை நாம் இங்குக் காண்கிறோம்.

1813இல் அரிதாகக் கிடைத்த இப்பதக்கம், முதல் உலகப் போரில் சுமார் 50 இலட்சம் பேருக்கு வழங்கப்பட்டது. எண்ணிக்கை பெருகவே அதன் அருமையும் குறைந்தது.

இரு மார்பில் ஒரு பதக்கம்

முதல் வகுப்பு இரும்புச் சிலுவை பெற்ற இருவரை இங்கு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

ஒருவர் ரூபர்ட் மேயர் என்னும் இயேசு சபைக் குரு. போர்முனையில் ஆன்மகுருவாகப் பணியாற்றிய அவர், குண்டுகள் பாயும் இடங்களுக்கும் சென்று, காயமுற்றோர் அருகில் இருந்து ஆறுதல் அளித்தார். 1915 டிசம்பரில் பதக்கம் பெற்றார். மறு ஆண்டின் இறுதியில் படுகாயமுற்று இடக்காலை இழந்தார்.

மற்றவன் செய்தி கொண்டு செல்லும் பணியில் இருந்த ஒரு படைவீரன். 1918 ஆகஸ்டில் பதக்கம் பெற்றான். அவன் பெயர் அடால்ப் ஹிட்லர். அவனுக்காகப் பரிந்துரை செய்த அதிகாரி ஹியூகோ குட்மன் ஒரு யூதர்! பிற்காலத்தில் அந்த குட்மனே ஹிட்லருக்கு அஞ்சி நாட்டைவிட்டு ஓட வேண்டியதாயிற்று.

முதல் உலகப் போரில் சுமார் ஒரு இலட்சம் யூதர் ஜெர்மனிக்காகப் போரிட்டனர். ஏறத்தாழ 12,000 பேர் உயிர் நீத்தனர். இரும்புச் சிலுவை பெற்றவர் பலர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் அப்பதக்கம் அவர்களைக் காக்கவில்லை. பதக்கம் பெற்ற முதியவர்களும் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அங்கிருந்து பலர் கொலைக்களத்துக்கே கொண்டு செல்லப்பட்டனர்.

ரூபர்ட் மேயர் அடிகளார் என்ன செய்தார்? ஒற்றைக் காலோடு மியூனிக் நகரின் மேடைகளில் நின்று அநீதியை எதிர்த்துப் பேசினார். 1937 முதல் பலமுறை கைதானார். வதை முகாமிலும் அடைக்கப்பட்டார். போர் முடிந்தபின், 1945 நவம்பர் 1ஆம் நாள், திருப்பலியில் மறையுரை ஆற்றிக்கொண்டிருக்கையில் உயிர் துறந்தார். 1987இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பெற்றோர் பட்டம் அளித்தார்.

களங்கமும் அதன் பின்னும்

1939 செப்டம்பர் 1ஆம் நாள், போலந்தின் மீது படையெடுத்த அன்றே, ஹிட்லர் இரும்புச் சிலுவையை நான்காம் முறையாகப் புதுப்பித்தான். அதன் நடுவில் ஸ்வஸ்திகாவைப் பொறித்தான். 1945இல் ஏற்பட்ட தோல்வியோடு இரும்புச் சிலுவை வழங்கும் வழக்கம் முடிவுற்றது. முன்பு பெற்றவர்கள் ஸ்வஸ்திகா நீக்கிய வடிவில் மட்டும் அதனை அணியலாம் என்று 1957இல் மேற்கு ஜெர்மனி சட்டம் இயற்றியது. 2008இல் அந்நாடு வீரத்திற்கென ஒரு விருதை மீண்டும் ஏற்படுத்தியபோதும், பழைய பதக்கத்தை உயிர்ப்பிக்காமல் வேறொரு புதிய சிலுவையையே உருவாக்கியது.

முடிவுரை

ஒரு நாட்டின் துயரத்தில், அன்பு மனைவியின் நினைவாக, பெண்களின் தியாகத்தின் நடுவே பிறந்தது இரும்புச் சிலுவை. அதுவே பின்னர் கொடுங்கோலனின் கைக்கும் போய்ச் சேர்ந்தது. இதிலிருந்து நாம் கற்கும் பாடம் என்ன? பதக்கம் ஒரு நாள் காட்டிய துணிவுக்குச் சான்று. வாழ்நாள் முழுவதற்கும் அது சான்றாகாது. ஹிட்லர் பெற்றதும் ரூபர்ட் மேயர் அடிகளார் பெற்றதும் ஒரே இரும்புதான். ஒருவன் தன் துணிவை உலகை அழிக்கப் பயன்படுத்தினான். மற்றவர் அதனை உண்மைக்குச் சாட்சி சொல்லப் பயன்படுத்தினார். நாமும் நாளை பல பரிசுகளைப் பெறலாம். பெற்ற பின்னர் எப்படி வாழ்கிறோம் என்பதில்தான் அவற்றின் மதிப்பு அடங்கியிருக்கிறது என்பதை நெஞ்சில் நிறுத்துவோமாக.