ஊர்ச் சுகாதாரமும் இடாப்பும்

இடாப்பு என்றதும் எமது கல்லூரி மாணவர் நினைவுக்கு வருவது, வகுப்பாசிரியர் காலையிற் பெயர் கூப்பிட்டுக் குறிக்கும் நீண்ட புத்தகமேயாம். வந்தவருக்கு ஒரு குறி, வராதவருக்கு வேறொரு குறி. வராதவரையும் தவறாது குறித்து வைக்கும் அவ்வழக்கத்தின் அருமை பள்ளிப் பருவத்திற் புலப்படுவதில்லை. வைத்தியராயும் பொதுச் சுகாதாரப் பரிசோதகராயும் கிராம அலுவலராயும் கடமை புரியும் பழைய மாணவர் அதனை நன்கறிவர். ஓர் ஊரின் நோயைத் தணிக்க மருந்து எத்துணை வேண்டுமோ, அத்துணை வேண்டும் எழுதி வைத்த கணக்கும். கணக்குக் கைவிடப்பட்ட இடத்தில் மருந்தாற் பெற்ற பயனும் நில்லாது போயிற்று என்பதற்கு இலங்கையின் மலேரியா வரலாற்றினும் சிறந்த சான்று நாம் கண்டதில்லை. அதனையே ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

மலேரியாவுக்குப் புகுமுன் கொளுக்கிப்புழுவைப் பற்றி ஒரு வார்த்தை. 1916ஆம் ஆண்டு தொடக்கம் அமெரிக்க ரொக்பெல்லர் தாபனத்தார் இலங்கைத் தோட்டங்களில் இப்புழுவை ஒழிக்க முற்பட்டனர். தொழிலாளருக்கு மருந்து கொடுத்தனர், புழு வெளியேறிற்று, சில மாதங்களில் மீண்டும் பற்றிற்று. மலகூடம் இல்லாத லயன்களில் வெறுங்காலுடன் நடப்போருக்கு மருந்து எத்தனை தரம் கொடுத்தாலும் ஆவதென்ன? மலகூடங் கட்டுதற்குச் செலவிடத் தோட்டத்துரைமார் விரும்பினாரல்லர். நோயாளியை மாத்திரம் பார்க்கும் வைத்தியம் போதாது, அவர் வாழும் இடத்தைப் பார்க்கும் வைத்தியம் வேண்டும் என்ற எண்ணம் இத்தோல்வியின்பின் வலுப்பெற்றது. அதன் வழியாகவே 1926ஆம் ஆண்டில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு களுத்துறையில் அமைக்கப்பட்டது.

களுத்துறையில் வகுத்த முறை எளிது. எல்லை குறித்த ஒரு நிலப்பரப்பு; அதற்குப் பொறுப்பாக ஒரு சுகாதார வைத்திய அதிகாரி; அவர்கீழ்ச் சுகாதாரப் பரிசோதகரும் தாதியரும் மருத்துவமாதரும். கருப்பவதிகளைப் பார்த்தல், குழந்தைகளைப் பேணல், பள்ளிப்பிள்ளைகளைப் பரிசோதித்தல், தொற்றுநோயை அடக்கல், மலகூடமும் கிணறும் சீராக்கல் ஆகிய யாவும் அவ்வோரிடத்தாரின் பொறுப்பு. இம்முறை பிற்காலத்தில் நாடெங்கும் பரவிற்று. இன்று நம் ஊர்களில் உள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் அதன் வழித்தோன்றல்களே.

எல்லை குறித்தலை நாம் விதந்து கூறுதற்குக் காரணம் உண்டு. ஓர் ஊரிற் பத்துப் பேருக்குக் காய்ச்சல் என்று சொன்னால் அது பெரிதா சிறிதா? இருநூறு பேர் வாழும் குடியிருப்பாயின் நூற்றுக்கு ஐவர். ஈராயிரம் பேர் வாழும் ஊராயின் இருநூற்றுக்கு ஒருவர். வைத்தியசாலையில் இருக்கும் வைத்தியருக்கு மேல்வாய் எண் மாத்திரம் தெரியும்; வராதவர் எத்தனைபேர் என்பது தெரியாது. வீடுவீடாகச் செல்லும் மருத்துவமாதின் இடாப்பே கீழ்வாய் எண்ணைத் தருவது. ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் அவர் பணி வகுக்கப்பட்டமைக்கும் அதுவே காரணம். ஒவ்வொரு கருப்பவதியையும் பெயர்கொண்டு அறியத்தக்க அளவு அது. 1930களில் இந்நாட்டில் ஓரிலட்சம் பிரசவங்களில் 2,000 தாய்மாருக்கு மேல் இறந்தனர். 2019இல் அத்தொகை 30 அளவில் நின்றது. இவ்வீழ்ச்சிக்கு மருந்தும் கல்வியும் வீதியும் உதவினவெனினும், தாய் ஒருத்தி இறந்தால் அவள் வீட்டிற்கே சென்று, எங்கே தாமதித்தது, யார் காணத் தவறினர் என்று விசாரித்து எழுதும் வழக்கம் செய்த உதவியைச் சிறிதென்று கொள்ளோம்.

இனி மலேரியா. வரண்ட வலயத்தில் இந்நோய் பன்னெடுங்காலமாக இருந்து வந்தது. 1911ஆம் ஆண்டில் மலேரியாத் தடை இயக்கம் தொடங்கியது. பின்னர், அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்பே இங்கு இந்நோயைப் பரப்புவதென்று கார்ட்டர் என்னும் பூச்சியியலறிஞர் காட்டினார். இவ்விடத்திற் பள்ளிக்கூடங்கள் செய்த தொண்டும் குறிக்கத்தக்கது. மலேரியா பலமுறை பற்றிய பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கும். வயிற்றின் இடப்புறம் கைவைத்துப் பார்த்தால் தட்டுப்படும். பரிசோதகர் பள்ளிகளுக்குச் சென்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பார்த்து, நூற்றுக்கு எத்தனைபேருக்கு மண்ணீரல் வீங்கியுள்ளதெனக் குறித்தனர். குருதி சோதிக்கும் வசதி அரிதாயிருந்த காலத்தில் ஓர் ஊரின் நோய்நிலையை அளக்க இதனினும் மலிவான அளவுகோல் கிடையாது. கருவி இல்லை என்பது கணக்கெடாமைக்கு நியாயமாகாது என்பதனை அவ்வேலையிற் கண்டுகொள்ளலாம்.

1934ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா ஆகியன வற்றி மணற்படுகைகளிற் குட்டங்களாய்த் தேங்கின. வழக்கமாக வெள்ளத்தால் அடித்துச் செல்லப்படும் நுளம்புக் குடம்பிகள் அத்தெளிந்த குட்டங்களில் அளவின்றிப் பெருகின. ஈரவலயத்து மக்கள் இந்நோய்க்குப் பழகியவரல்லர். எதிர்ப்புச் சக்தி அவரிடத்து இல்லை. கேகாலை, குருநாகல் மாவட்டங்களே மிகுதியும் வருந்தின. 1935ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 80,000 உயிர்கள் மாண்டன. பட்டினியால் மெலிந்தோரே பெரிதும் இறந்தனர் என்பதை மறத்தலாகாது. அவ்வாண்டின் வரட்சி நெல்லையும் அழித்திருந்தது. அக்காலத்து வைத்திய சுகாதாரப் பணிப்பாளர் பிரையர்கிளிவ் இக்கொள்ளைநோயைப் பற்றி விரிவான அறிக்கையொன்று எழுதினார். மழையளவு, ஆற்றுநீர் மட்டம், இறப்பு ஆகியன பக்கம்பக்கமாக வைத்து எழுதப்பட்டமையாலேயே, வரட்சிதான் ஈரவலயத்துக்கு எச்சரிக்கை என்பதனைப் பின்வந்தோர் கற்றனர்.

இரண்டாம் உலகயுத்தத்தின் முடிவில் டி.டி.ரீ. வந்தது. வீட்டுச் சுவர்களில் அதனைத் தெளித்தனர். இரத்தங்குடித்துச் சுவரில் தங்கும் நுளம்பு மடிந்தது. 1946இல் இலங்கைச் சனத்தொகை 66 இலட்சத்துக்குச் சற்று மேல். அவ்வாண்டு மலேரியாவெனப் பதிவானவை 27 இலட்சத்துக்கு மேல். 1963இல் பதிவானவை 17. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்து வியப்பது பலர் வழக்கம். எமக்கு அதிற் சிறிது ஐயம் உண்டு. முந்தையது பெரும்பாலும் காய்ச்சலென்று வைத்தியசாலைக்கு வந்தோரை எண்ணியது. ஒருவர் மும்முறை வந்தால் மூன்றாயிருக்கும். பிந்தையது குருதியைக் கண்ணாடித் தட்டிற் பூசி உருப்பெருக்கியாற் பார்த்துக் கண்டது. வெவ்வேறு படியால் அளந்த நெல்லை ஒரே கணக்கிற் கூட்டலாமா? வீழ்ச்சி மெய், அதன் அளவு முற்றும் மெய்யன்று என்றே கொள்ளல் வேண்டும்.

மேலும், 1946க்கும் 1947க்கும் இடையில் இந்நாட்டின் இறப்புவீதம் ஆயிரத்துக்கு 20 அளவிலிருந்து 14 அளவுக்கு ஒரேயாண்டில் இறங்கிற்று. டி.டி.ரீ.யின் அற்புதம் இது என்றனர் பலர். நியூமன் என்னும் அறிஞர் அதற்குப் பெரும்பங்கு கொடுத்தார். இலங்கையரான மீகம, தெளிக்கப்படாத பகுதிகளிலும் இறப்பு வீழ்ந்தமையைக் காட்டி, உணவும் வைத்திய வசதியும் பெருகியமையைக் கருதாது விடலாகாது என்றார். பின்வந்த கிரே, மலேரியாவின் பங்கை நியூமன் கண்டதினும் குறைவாகக் கண்டார். இவ்வாதம் எம்முடைய பொருளுக்கு எவ்வாறு பொருந்துமெனின், இந்நாட்டிற் பத்தொன்பதாம் நூற்றாண்டு தொட்டு மாவட்டந்தோறும் இறப்புப் பதிவு இருந்தமையாலேயே அவ்வாதம் நிகழ முடிந்தது. மருந்து தெளித்த இடத்தின் கணக்கை மாத்திரம் வைத்திருந்தால் வாதமே எழுந்திராது. தவறான முடிவு நிலைபெற்றிருக்கும். ஆகவே, ஓர் ஊரிற் பணி தொடங்குவோர் பணி செய்யாத அயலூரின் கணக்கையும் எடுத்து வைத்தல் நன்று.

1963இன் பதினேழு பேரைக் கண்டபின் நாடு கண்ணயர்ந்தது. தெளித்தல் நிறுத்தப்பட்டது. நோயாளர் இல்லாத இடத்திற் குருதி தேடுவது வீண் என்ற எண்ணம் பரவிற்று, காவல் தளர்ந்தது. எலஹெர முதலிய இடங்களில் இரத்தினக்கல் தோண்டுவோர் திரண்டனர். அவர் வெட்டிய குழிகளில் நீர் தேங்கியது. பல ஊர்களிலிருந்து வந்து பல ஊர்களுக்கு மீண்டனர். மழையும் குறைந்தது. 1967இல் நோய் தலைகாட்டிற்று. 1969இல் பதிவான தொகை 5 இலட்சத்து 37 ஆயிரத்துக்கு மேல். காரணம் பலவாயினும், முதற் சில நோயாளரை உரிய காலத்திற் கண்டிருந்தால் இத்துணை பரவியிராது என்பதே எமது துணிபு. நோய் குறையக் குறையத் தேடுதல் கூடவேண்டும். நூறு பேரில் ஒருவரைக் காண்பது எளிது. இலட்சம் பேரில் ஒருவரைக் காண்பதற்கே ஆளும் பொருளும் பொறுமையும் வேண்டும். வரவுசெலவுத் திட்டம் எழுதுவோருக்கோ இது நேர்மாறாகத் தோன்றும்.

அதன்பின் நாற்பதாண்டுக்கு மேல் உழைக்க நேர்ந்தது. நுளம்பு டி.டி.ரீ.க்கு மடியாததாயிற்று, 1977இல் மலத்தியன் அதனிடத்தைப் பெற்றது. 1983இல் மூண்ட போரினால் வடக்குக் கிழக்கு மாகாணங்களில் வேலை பெரிதும் இடருற்றது. 1999இல் நாடளாவிய தொகை மறுபடி 2 இலட்சத்து 64 ஆயிரத்தைத் தாண்டியது. ஆயினும் காவல் முற்றாகக் கைவிடப்படவில்லை. காய்ச்சலோடு வந்தவர் விரலிற் குத்தி இரத்தம் எடுத்தலும், நடமாடும் சிகிச்சைக் குழுவினர் வண்டியிற் சென்று எட்டாத குடியிருப்புக்களில் இரத்தம் எடுத்தலும் தொடர்ந்தன. 2012 ஒக்ரோபரில் உள்நாட்டிற் பற்றிய இறுதி நோயாளர் காணப்பட்டார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.

அச்சான்றிதழ் எவ்வாறு பெறப்பட்டதென்பதில் மாணவர் ஊன்றிய கவனஞ் செலுத்துக. தொடர்ந்து மூன்றாண்டேனும் உள்நாட்டு நோயாளர் ஒருவரும் இலர் எனக் காட்டல் வேண்டும். இல்லாத ஒன்றை இல்லையென்று காட்டுவது எங்ஙனம்? தேடினோம், இன்ன நாளில், இன்ன ஊரில், இத்தனை பேரிடம், இன்னார் பார்த்தார், காணவில்லை என்று எழுதிய பக்கங்களாலன்றி வேறு வழியில்லை. வெறுமையான பக்கம் "நோயில்லை" என்று சொல்வதில்லை. "பார்க்கவில்லை" என்றே சொல்லும். பூச்சியம் எழுதப்பட்ட பக்கமே சாட்சி. 2018 டிசெம்பரில் மொனறாகலையில், வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரின் நோய் அருகிலிருந்த உள்ளூரவர் ஒருவருக்குப் பற்றியபோது, அஃது உடனே கண்டறியப்பட்டு அவரோடு நின்றது. 1967இல் நிகழாதது அவ்வாண்டில் நிகழ்ந்தது.

எழுதும் முறையைப் பற்றியும் சிறிது கூறுவோம். வெற்றியை மாத்திரம் எழுதும் அறிக்கைகளை நாம் நிறையக் கண்டிருக்கிறோம். கூட்டம் கூடியதும், தலைவர் பேசியதும், குளிர்பானம் வழங்கியதும் அவற்றில் உண்டு. எத்தனை வீட்டார் கதவு திறக்க மறுத்தனர், ஏன் மறுத்தனர் என்பது இராது. அடுத்த ஊரில் அதே பணியைத் தொடங்குவோருக்கு வேண்டுவது மறுத்தவர் கணக்கே. செலவும் அப்படியே: மருந்தின் விலை எழுதுவர், ஆள் நடந்த நாளை எழுதார். மொழியும் ஒரு பொருட்டு. மானிப்பாயிற் பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழிலாக்கித் தமிழிற் கற்பித்தார். அவருக்குப் பின்னும் ஊர்மக்கள் வாசிக்கவியலாத ஆங்கிலத்தில் ஊர்ச் சுகாதார அறிக்கை எழுதுவோர் உளர் என்பது வியப்பே.

யாழ்ப்பாணத்தார்க்கு இப்பொருள் பழங்கதையன்று. 2016 டிசெம்பரில், சான்றிதழ் பெற்ற சில மாதங்களுக்குள், மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்னும் வேறொரு நுளம்பு இலங்கையில் முதன்முறையாகக் காணப்பட்டது. பின்னர் எமது குடாநாட்டிலும் காணப்பட்டது. இந்தியப் பட்டினங்களில் மலேரியாவைப் பரப்புவது அது. ஆற்றுக் குட்டத்தை அது நாடுவதில்லை; கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் முட்டையிடும். ஆறில்லாத எமக்குக் கிணறே யாவும் ஆதலின் இதனை அலட்சியஞ் செய்தல் ஆகாது. மன்னாரிற் கிணறுகளிற் குடம்பியுண்ணும் கப்பி மீன்களை விட்டனர். பாவனையற்ற கிணறுகளை மூடினர்.

கல்லூரியைச் சூழவுள்ள ஒரு வட்டாரத்தின் கிணறுகளையும் தொட்டிகளையும் உயர்வகுப்பு மாணவர் கணக்கெடுத்தல் அரிய காரியமன்று. பரிசோதகரின் வழிகாட்டலுடன், கிணற்றுக்கு ஓர் இலக்கமும் இடாப்பில் ஒரு வரியுமாகத் தொடங்கலாம். வீட்டாரின் அனுமதி பெற்ற நாள், பாவனையில் உள்ளதா அன்றா, மீன் உண்டா, அகப்பையால் எத்தனை தரம் மொண்டு பார்த்தது, குடம்பி எத்தனை, பார்த்தவர் யார் என்பன அவ்வரியில் அடங்கும். குடம்பி இல்லாதவிடத்துப் பூச்சியம் எழுதுக. படலை பூட்டியிருந்ததாற் பார்க்க முடியாத வீட்டுக்குப் பூச்சியம் எழுதற்க. "பார்க்கவில்லை" என்றெழுதி, மறுவாரம் அவ்வீட்டிலிருந்தே தொடங்குக.