வீடு தருவதும் தர இயலாததும்

மீத்திறன் மிக்க குழந்தைகள் படித்த, வசதியான வீட்டில்தான் உருவாவார்கள் என்ற எண்ணம் நம்மில் பலரிடம் உண்டு. நம் மாவட்டத்துக் கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜனின் வாழ்க்கை அதை மறுக்கிறது. வீடு மட்டும் போதாது என்பதையும் அதே வாழ்க்கை காட்டுகிறது.

1887இல் ஈரோட்டில் பிறந்த இராமானுஜன், சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்தார். தந்தை துணிக்கடையில் கணக்கெழுதினார். மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். செலவைச் சமாளிக்க, கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்கவைத்து உணவளித்தனர். வறுமைக்காகச் செய்த அந்த ஏற்பாடே மகனுக்கு வாய்ப்பாயிற்று. அவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் 11 வயதிலேயே அவர் கேட்டுக் கற்றுவிட்டார். பணம் இல்லாத வீட்டில், கேள்விக்குப் பதில் சொல்லும் மூத்தவர்கள் இருந்தார்கள்.

1904இல் டவுன் உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பரிசு பெற்று, உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களில் தவறியதால் உதவித்தொகை நின்றது. ஒரு பருவத்துக்குக் கட்டணம் 32 ரூபாய். தந்தையின் ஒன்றரை மாதச் சம்பளம். வீட்டால் அதைக் கட்ட இயலவில்லை. படிப்பு முறிந்தது. 1913இல் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது அவர் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர்.

என் வகுப்பில் பெரும்பாலோர் விவசாயக் கூலிக் குடும்பத்துப் பிள்ளைகள். நடவுக் காலத்தில் பெற்றோர் விடியுமுன் வயலுக்குப் போய்விடுவர்; தம்பி தங்கையைக் கவனிப்பது மூத்த பெண்ணின் பொறுப்பு. அவள் வீட்டுப்பாடம் முடிக்காததை ஆர்வக்குறைவு என்று கொள்ளலாகாது. ஒரு மா நடவுக்கான கூலியைச் சொன்னால், ஒரு வேலிக்கு, அதாவது 20 மாவுக்கு, எவ்வளவு என்று மனக்கணக்காகவே சொல்லிவிடுவாள். வீடு தந்த திறன் அது. தேர்வுத்தாளில் மட்டும் தேடினால் நமக்குப் புலப்படாது.

நாம் செய்யக்கூடியவை மூன்று:

1. வீட்டில் என்ன இல்லை என்பதோடு, என்ன இருக்கிறது என்பதையும் குறித்து வைப்போம்.

2. ஊரில் கல்லூரியில் படிக்கும் ஒருவரை வாரம் ஒரு மணி நேரம் அக்குழந்தையோடு பேசவைப்போம்.

3. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு எழுதவைப்போம். வென்றால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். வருமானச் சான்றுக்கு அலைந்தால் பெற்றோருக்கு ஒருநாள் கூலி போய்விடும். ஆகவே வேலை குறைந்த மாதத்திலேயே அதை வாங்கச் சொல்வோம். தேர்ச்சி தவறினால் தொகை நின்றுவிடும் என்பதால், அப்பிள்ளை தடுமாறும் பாடத்தையும் கவனிப்போம்.

இராமானுஜனுக்கு அன்று நின்றுபோனது உதவித்தொகைதான், அறிவு அல்ல. நம் பள்ளிகளில் எந்தப் பிள்ளையின் படிப்பும் அப்படி முறியாமல் காப்பது நம் கையில் இருக்கிறது.