திருத்த முடியாததை முதலில் பார்

அன்பு மகளுக்கு,

மாமன்ற உறுப்பினராகப் பொறுப்பேற்றுவிட்டாய். இனி விடிந்தால் வாசலில் ஆள் நிற்கும். தெருவிளக்கு எரியவில்லை, கழிவுநீர் பொங்குகிறது, குப்பை வண்டி வரவில்லை, குடிநீரில் வாடை அடிக்கிறது என்று வருவார்கள். ஓடி ஓடிச் செய்வாய், செய்யத்தான் வேண்டும். ஆனால் இந்த வேலைகளில் இன்று தவறினால் நாளை சரிசெய்துகொள்ளலாம். விளக்கு ஒரு வாரம் எரியாவிட்டால் அடுத்த வாரம் எரியவைக்கலாம். ஒரு தாங்கலைத் தூர்த்து மனை போட்டுவிட்டால், ஓடைப் புறம்போக்கில் அரசே ஒரு கட்டடத்தை எழுப்பிவிட்டால், பூங்காவுக்கென்று விட்ட நிலம் வேறு கைக்குப் போய்விட்டால், அடுத்து வருகிற எந்தக் கவுன்சிலராலும் அதை மீட்பது அரிது. உனக்குக் கிடைக்கிற நேரமும் செல்வாக்கும் அளவானவை. அவற்றில் ஒரு நல்ல பங்கை இந்தத் திருத்த முடியாத முடிவுகளுக்காக எடுத்துவை என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நீடித்த வளர்ச்சி என்று பெரிய அரங்குகளில் பேசப்படும் கொள்கைக்கு ஒரு வார்டில் வேறு உருவம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சென்னையின் கதையே இதற்குச் சான்று. 1920-களில் நகரத்துக்கு வீட்டுமனை தேவைப்பட்டது. மயிலாப்பூர், மாம்பலம், நுங்கம்பாக்கம் பக்கமாக நீண்டு கிடந்த ஏரியை வடித்துத் தியாகராய நகரை உருவாக்கினார்கள். அதை யாரும் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. நன்றாகத் திட்டமிட்டே செய்தார்கள். பனகல் பூங்காவைச் சுற்றி விரியும் சாலைகளின் அமைப்பை இன்றும் பாராட்டலாம். இருந்தாலும், ஏரி இருந்த பள்ளத்தைத் தேடி வருகிற மழைநீருக்கு அந்த வரைபடம் தெரியாது. நூறு ஆண்டு ஆன பிறகும் பெருமழை பெய்தால் மாம்பலம் கால்வாய் நிரம்பித் தெருக்களில் ஏறுகிறது. அந்த முடிவுக்கான விலையை, அது எடுக்கப்பட்டபோது பிறந்திராதவர்கள் கொடுக்கிறார்கள். பிறகு வந்த ஆட்சிகளும் அதே வழியில்தான் நடந்தன. முகப்பேரில் வீட்டுவசதி வாரியமே ஏரித் திட்டம் என்ற பெயரில் மனைகள் போட்டது. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்தது. 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டபோது குறிக்கப்பட்ட பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அந்த மழை எந்த ஊரையும் திணறடிக்கும். ஆனால் எந்தத் தெருவில் முழங்கால் அளவு, எந்தத் தெருவில் முதல் மாடி வரை என்பதை மழை மட்டும் தீர்மானிக்கவில்லை. அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளின் நில ஒப்புதல்களுக்கும் அதில் பங்கு உண்டு. இதே நகரம் 2019 கோடையில் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நின்றது. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் தனித்தனிக் காரணங்கள் இருக்கலாம். ஆனால் நீர் தங்கும் இடத்தை இழந்தது இரண்டிலும் இருக்கிறது.

இதற்குப் பொறியாளர்கள் உடனே ஒரு பதில் சொல்வார்கள்: மழைநீர் வடிகால் கட்டிவிட்டால் போயிற்று. வடிகால் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 2021 வெள்ளத்துக்குப் பிறகு கட்டப்பட்டவற்றால் நகரின் சில பகுதிகளில் தண்ணீர் விரைவாக வடிந்தது உண்மை. ஆனால் வடிகால் தண்ணீரை இடம் மாற்றுகிறதே தவிர இல்லாமல் ஆக்குவதில்லை. கீழ்க்கட்டளை, நாராயணபுரம் போன்ற ஏரிகளின் உபரி பள்ளிக்கரணைக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, முட்டுக்காட்டுப் பக்கம் கடலை அடைய வேண்டும். கடலில் நீர்மட்டம் ஏறியிருக்கும் நேரத்தில் அது மெதுவாகத்தான் வடியும். அதுவரை தண்ணீர் நிற்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் சதுப்பு நிலம். அதைக் குறைத்துக்கொண்டே மேலே வடிகாலை அகலப்படுத்தினால், கீழே இருப்பவன் வீட்டுக்குத் தண்ணீர் இன்னும் சீக்கிரம் போய்ச் சேரும், அவ்வளவுதான். ஆகவே உன் வார்டில் வடிகால் பணிக்கு மதிப்பீடு வரும்போது அதன் நீளத்தோடு நின்றுவிடாதே. அது எங்கே போய் விழுகிறது, விழுகிற இடத்தின் மட்டம் என்ன என்று கேள். அந்தத் தண்ணீர் போகும் வழியிலுள்ள வார்டுகளின் உறுப்பினர்களோடு, அவர்கள் எந்தக் கட்சியானாலும், உட்கார்ந்து பேசு. மண்டல எல்லையைக் கோடு போட்டவர்கள் தண்ணீரைக் கேட்டுப் போடவில்லை.

"எங்களுக்கு எங்கே பெரியப்பா அதிகாரம்? எல்லாம் சி.எம்.டி.ஏ.விடம் அல்லவா?" என்று நீ கேட்பாய். சட்டப்படி அது பெருமளவு சரி. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி நிலப் பயன்பாட்டை முடிவுசெய்வது பெருநகர வளர்ச்சிக் குழுமமும் அரசும்தான். 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தபோது, பன்னிரண்டாவது அட்டவணையின் 18 பணிகளில் முதலாவதாக நகரமைப்புத் திட்டமிடலையும், இரண்டாவதாக நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவதையும் வைத்தது. ஆனால் அவற்றைத் தருவதா இல்லையா என்பதை மாநிலத்தின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. பெருநகரத் திட்டக் குழுவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் உள்ளாட்சிப் பிரதிநிதிகள் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. கேரளம் 1996-ல் மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளிடம் கொடுத்துப் பார்த்தது. நம் மாநிலம் அந்த அளவுக்கு வரவில்லை. அதற்காகக் குரல் கொடுப்பதும் உன் வேலைதான். ஆனால் அதிகாரம் வரட்டும் என்று காத்திருப்பது சரியாகாது. திருத்த முடியாத முடிவு பெரும்பாலும் கவனிக்க ஆளில்லாத நேரத்தில்தான் நடக்கிறது. நில வகைப்பாடு மாற்றத்துக்கு நாளிதழில் ஒரு சின்ன அறிவிப்பு வரும். ஆட்சேபம் சொல்லக் கெடு இருக்கும். யாரும் சொல்லாமல் கெடு முடிந்துவிடும். அந்த அறிவிப்பைப் படித்து, சர்வே எண்ணைப் பார்த்து, எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க ஒரு கவுன்சிலருக்குப் புதிய அதிகாரம் எதுவும் தேவையில்லை. மக்கள் பிரதிநிதியின் கையெழுத்தோடு போகும் ஆட்சேபத்தைக் கோப்பில் ஒதுக்கிவைப்பது கடினம்.

இதற்கு நீ ஆவணம் படிக்கப் பழக வேண்டும். உன் வார்டு ஒரு காலத்தில் எந்த வருவாய்க் கிராமமாக இருந்ததோ அதன் கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் வாங்கு. ஏரி, தாங்கல், குட்டை, ஓடை, மேய்க்கால் எனப் பதிவானவை எந்தெந்த சர்வே எண்களில் இருந்தன, இன்று அங்கே என்ன இருக்கிறது என்பதை ஒரு நோட்டில் எழுது. அதைவிட முக்கியமாகத் திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலங்களைத் தேடு. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவிலோ கட்டட வளாகத்திலோ, சாலைகளைக் கழித்து மீதியில் பத்தில் ஒரு பங்கை உரிமையாளர் தானப் பத்திரமாக உள்ளாட்சிக்கு எழுதித் தர வேண்டும் என்பது விதி. அந்த விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 2023-ல் சொல்லிவிட்டது. ஆகவே இந்த நிலம் மாநகராட்சியின் சொத்து, அதாவது உன் வார்டு மக்களின் சொத்து. ஆனால் தானப் பத்திரம் ஓர் அலுவலகத்திலும் வரைபடம் வேறோர் அலுவலகத்திலும் கிடக்க, நிலம் வேலியில்லாமல் கிடந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதிய பூங்காவுக்கு நிலம் வாங்க எந்த வார்டிலும் பணம் கிடையாது. ஏற்கெனவே நமக்குச் சொந்தமானதைக் கண்டுபிடித்து, அளந்து, வேலி போட்டு, தாழ்வான இடமானால் மழைநீர் தங்கும்படி குளமாக வெட்டிவிடு. உன் பதவிக் காலத்தில் இதை மட்டும் முழுமையாகச் செய்தாலே பெரிய காரியம். இந்த நிலங்களின் பட்டியலை உன் வார்டின் பகுதி சபையில் படித்துக் காட்டு. அந்தக் கூட்டங்கள் 2022 நவம்பரில் தொடங்கின. பல இடங்களில் மனு வாங்கும் கூட்டமாகவே முடிந்துவிடுகின்றன. இப்படியொரு பட்டியல் நூறு பேருக்குத் தெரிந்துவிட்டால், நீ பதவியில் இல்லாதபோதும் அந்த நிலத்தைக் காக்க ஆள் இருக்கும்.

இதெல்லாம் ஓட்டாக மாறாது என்று உன் கட்சிக்காரர்களே சொல்வார்கள். புதுச் சாலைக்குக் கல்வெட்டு வைக்கலாம். நடக்காமல் தடுத்த ஒரு லே-அவுட்டுக்கு எங்கே வைப்பது? இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் அன்றாடப் புகார்களை அலட்சியப்படுத்தாதே என்று முதலிலேயே சொன்னேன். அவற்றைச் செய்பவளின் பேச்சுக்குத்தான் மற்றதில் காது கிடைக்கும். ஆனால் வெள்ளம் வந்த தெருவில் வாக்காளர்களுக்கு மறதி இல்லை. 2015-லும் 2023 டிசம்பரிலும் தண்ணீரில் நின்றவர்கள் இன்று வீடு வாங்குமுன் கேட்கும் முதல் கேள்வி, "இங்கே தண்ணீர் நிற்குமா?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த கவுன்சிலருக்கு மதிப்பு உண்டு. மன்றத்தில் தீர்மானங்கள் கட்டுக்கட்டாக வந்து ஒரே மூச்சில் நிறைவேறும். எல்லாவற்றையும் எதிர்க்க வேண்டாம். நிலம் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் முதல் நாளே படித்துவிட்டுப் போ. உடன்பாடில்லாவிட்டால் அதைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்.

இனி சொல்வது எனக்கு மிகவும் முக்கியமானது. நீர்நிலையைக் காப்பது என்ற பெயரில் ஏழைகளைத் துரத்துவதற்கு உன் கையால் வழி செய்துவிடாதே. கூவம் கரையிலும் கால்வாய் ஓரத்திலும் இருந்த குடும்பங்களைத் தூக்கிப் பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பினார்கள். அந்த இடங்களே பள்ளிக்கரணையைச் சார்ந்த தாழ்வான பகுதிகள். அங்கேயும் மழைக்காலத்தில் தண்ணீர் சூழ்கிறது. வேலையும் பள்ளியும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போனதுதான் மிச்சம். அதே சதுப்பு நிலத்தின் மேல் குப்பைக்கிடங்கும் பறக்கும் ரயில் பாதையும் நிற்கின்றன. ஓரங்களில் பெரிய அலுவலக வளாகங்கள் எழுந்திருக்கின்றன. அவற்றை ஆக்கிரமிப்பு என்று யாரும் சொல்வதில்லை, குடிசையைத்தான் சொல்கிறோம். சூழலைப் பேசுபவர்கள் வசதியானவர்களின் பூங்காவுக்காகப் பேசுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு இதிலிருந்துதான் எழுகிறது. அது முழுக்கப் பொய்யும் அல்ல. நீ நடந்துகொள்ளும் விதத்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். கரையோரக் குடும்பங்களை மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், அதே வார்டிலோ பக்கத்து வார்டிலோ மேட்டு நிலத்தில் இடம் கேள். அரசு நிலமே இல்லை என்பார்கள். நீ எழுதி வைத்திருக்கும் பட்டியலை அப்போது எடுத்து மேசைமேல் வை. எது நீருக்கான நிலம், எது வீடு கட்டத் தகுந்த மேட்டுப் புறம்போக்கு என்று பிரித்துச் சொல்ல உன்னால் முடியும். ஒரு குடிசையை அகற்றும் முடிவும், அந்தக் குடும்பத்துக்கு, திருத்த முடியாத முடிவுதான்.

2026-இலிருந்து 2046 வரைக்கான சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டத்தைப் பற்றிய பேச்சு உன் காதிலும் விழுந்திருக்கும். அதில் உன் வார்டுக்கு என்ன நிறம் தீட்டியிருக்கிறார்கள் என்று பார். கிராம வரைபடத்தில் ஓடை ஓடுகிற இடம் அதில் குடியிருப்பு என்று குறிக்கப்பட்டிருந்தால், சர்வே எண்ணோடு எழுதிக் கேள். பதிலையும் எழுத்தில் வாங்கு. முதல் மன்றக் கூட்டத்துக்கு முன்பே வட்டாட்சியர் அலுவலகத்தில் வரைபடத்துக்கு மனுப் போட்டுவிடு, அம்மா. கிடைக்க நாளாகும்.

அன்புடன்,
பெரியப்பா