நாற்பத்தொன்பது அடி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வடக்கு டகோட்டா என்னும் மாநிலத்தின் கிழக்கெல்லையாக ரெட் ஆறு ஓடுகின்றது. இவ்வாறு வடக்கு நோக்கிச் செல்வது. வேனில் தொடங்குங்கால் தெற்கே பனி உருகி நீராகப் பெருகும். வடக்கிலோ ஆறு இன்னும் உறைந்தே கிடக்கும். பெருகி வரும் நீருக்குப் போக்கிடம் இராது. நிலமும் பலகைபோல் சமமானது. ஆகவே, ஆற்றங்கரை நகராகிய கிராண்டு போர்க்சுக்கு வெள்ளம் புதியதன்று.

1996-97 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அங்கு எட்டுப் பனிப்புயல்கள் வீசின. வானிலைத் துறையினர் கணிப்பொறியின் துணைகொண்டு கணக்கிட்டு, வெள்ளம் 49 அடி உயரும் என அறிவித்தனர். 1979 ஆம் ஆண்டு வெள்ளம் 48.8 அடி வந்திருந்தது. "அதனைத் தாங்கிய நமக்கு இஃது அரிதோ?" என்று நகரத்தார் எண்ணினர். ஆயினும் வாளா இருந்தாரல்லர். மாணவரும் முதியவரும் மணல்மூட்டை அடுக்கினர். காவலுக்கு மூன்றடி கூட்டி, ஏறத்தாழ 52 அடி வெள்ளத்தைத் தடுக்குமாறு கரையை உயர்த்தினர்.

ஏப்பிரல் மாதத்தில் ஆறு 54 அடியைக் கடந்தது. கரைகள் உடைந்தன. மக்களிற் பெரும்பாலோர் வீடுகளை விட்டு வெளியேறினர். 19 ஆம் நாள், நீர் சூழ்ந்த கடைவீதியில் தீயும் பற்றியது; பதினொரு கட்டடங்கள் எரிந்தன. எங்கும் நீர், ஆயினும் தீயணைக்க வழியில்லை! ஹெலிகாப்டர்கள் வானிலிருந்து நீரைச் சொரிய வேண்டியதாயிற்று.

கணிப்பொறி பொய்த்ததோ? அது தனக்குத் தந்த அளவுகளைக் கொண்டே கணக்கிட்டது. இத்துணை நீர் வந்தால் ஆறு இத்துணை உயரும் என்னும் கணக்கு, முன்வந்த வெள்ளங்களை அளந்து அமைத்தது. அவற்றினும் பெரிய வெள்ளத்திற்கு அக்கணக்கை ஊகத்தால் நீட்டவேண்டும். பாலங்களும் பனிக்கட்டியும் நீரைத் தடுத்து அவ்வூகத்தைப் பிறழச் செய்யும். எனினும், முதியோர் நினைவு மட்டும் நகரைக் காத்திருக்கும் என்பதும் பொருந்தாது, அந்நினைவும் 48.8 அடியோடு நின்றதன்றோ? "இவ்வெண் எவ்வளவு பிழைபடக்கூடும்?" என்ற வினாவிற்கு விடை ஊராரிடம் சென்று சேரவில்லை. அதுவே பெருங்குறை. மதிப்பீடாகச் சொல்லப்பட்ட 49 அடியை அவர்கள் வெள்ளத்தின் எல்லையாகவே கொண்டனர்.

இக்காலத்தில் அந்நாட்டு வெள்ள அறிவிப்புகள், ஆறு இன்ன உயரத்தைக் கடக்கும் வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை என்பதையும் சேர்த்துக் கூறுகின்றன. கிராண்டு போர்க்சில் கரைகள் மிக உயர்த்திக் கட்டப்பட்டன. ஆற்றோரத்தில் வீடுகள் இருந்த இடத்தைப் பூங்காவாக்கி, வெள்ளத்திற்கு விட்டுவிட்டனர்.