அருகில் நிற்பவர் எல்லாம் உறவினரா?



ஒரு குடும்பப் படத்தில் நெருங்கி நிற்பவர்களை உறவினர் என்கிறோம். ஓரத்தில் தனித்து நிற்பவரை யாரோ அயலவர் என்று விட்டுவிடுகிறோம். இது எவ்வளவு தவறாகலாம் என்பதை வானத்துப் படம் ஒன்று கற்பிக்கிறது.

1877ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து மார்செய் நகரில், எட்வார் ஸ்தெஃபான் என்னும் வானியலாளர், பெகாசஸ் விண்மீன் கூட்டத்தின் திசையில் மங்கலான ஒளித்திட்டுகள் நெருங்கியிருக்கக் கண்டார். அவை ஐந்து விண்மீன் மண்டலங்கள். ஒவ்வொன்றிலும் கோடானுகோடி விண்மீன்கள். "ஸ்தெஃபானின் ஐவர்" என்று அவற்றை அழைப்பர்.

இன்று வானியலைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களும் வீட்டு முற்றத்திலிருந்தே இவற்றைப் படம்பிடிக்கிறார்கள். நிலவில்லாத இரவில், பூமியின் சுழற்சிக்கு ஈடாகத் திரும்பும் தாங்கியில் தொலைநோக்கியையும் கமராவையும் பொருத்தி, சில நிமிடங்களுக்கு ஒரு படமாக மணிக்கணக்கில் எடுப்பார்கள். தனிப் படமொன்றில் கமராவின் வீண் புள்ளிகளே மலிந்திருக்கும். ஆனால் அப்புள்ளிகள் படத்துக்குப் படம் மாறும். மண்டலத்தின் ஒளியோ மாறாது. நூறு படங்களைக் கணினியில் ஒன்றுசேர்த்தால் அந்தக் குழப்பம் பத்திலொன்றாகக் குறையும். மறைந்திருந்த ஒளி வெளிப்படும்.

எனினும், படம் மட்டும் தூரத்தைச் சொல்லாது. விண்மீன் மண்டலம் எவ்வளவு தொலைவிலுள்ளதோ, அவ்வளவுக்கு அதன் ஒளி சிவப்பை நோக்கி நகர்ந்திருக்கும். விரியும் பிரபஞ்சத்தில் இது ஏன் நிகழ்கிறது என்பதை 1927இல் விளக்கியவர் பெல்ஜிய நாட்டுக் குருவானவர் ஜோர்ஜ் லெமேத்ர். 1961இல் பர்பிட்ஜ் தம்பதியர், ஐவருள் பெரிதாகத் தோன்றும் மண்டலத்தின் ஒளியை இவ்வாறு ஆராய்ந்தனர். அது இக்கூட்டத்தைச் சேர்ந்ததாய்த் தோன்றவில்லை! அது ஏறத்தாழ 4 கோடி ஒளியாண்டுத் தொலைவிலும், மற்ற நான்கும் ஏறத்தாழ 29 கோடி ஒளியாண்டுத் தொலைவிலும் உள்ளன. ஒரே திசையில் இருப்பதாலேயே அது நடுவில் நிற்பதுபோல் தெரிகிறது.

இன்னொரு புதுமையும் உண்டு. படத்தின் ஓரத்தில், ஐவரில் ஒருவராக எண்ணப்படாத சிறு மண்டலமொன்று தனித்திருக்கிறது. அதுவே அந்த நால்வருக்கும் உண்மையான உறவு. முன்னொரு காலத்தில் அது அவர்களருகே வந்து சென்றபோது, ஈர்ப்பு விசையால் இழுபட்ட விண்மீன்கள் நீண்ட வாலாக இன்றும் அதன் திசையில் நீண்டு கிடக்கின்றன என்பர். அந்த வால் மிக மங்கலானது. பல மணி நேர ஒளியைப் பொறுமையோடு சேர்த்தவருக்கே அது தெளிவாகத் தெரியும்.

நம் குடும்பங்களிலும் ஒரே கூரையின்கீழ் இருந்தும் மனத்தால் வெகுதூரம் போனவர்கள் உண்டு. கடல்கடந்து போய், பேச்சும் குறைந்து, "அவன் நம்மை மறந்துவிட்டான்" என்று நாம் முடிவுகட்டியவர்களும் உண்டு. ஒரு பார்வையில் தீர்ப்பிடாதிருப்போம். அறுந்ததென்று நாம் எண்ணும் பந்தம் மங்கலாகவேனும் நீண்டிருக்கலாம்.

இவ்வாரம் குடும்பச் செபமாலையின்போது அத்தகைய ஒருவரின் பெயரைச் சொல்லிச் செபியுங்கள். பின்பு, அவர் பேசட்டும் என்று காத்திராமல், நீங்களே முதலில் பேசுங்கள். ஒருமுறையில் பலன் தெரியாவிட்டால், மறுமுறையும் பேசுங்கள்.